நின்றே கெட்ட லேண்ட் ரோவர்: குறியைப் பார்த்துக் கோளாறு பிடிப்பது எப்படி

கேமரன் மலையில் காய்கறி இறக்கிய காடி, ரப்பர் தோட்டத்து மேனேஜர் ஓட்டிய காடி, அரசாங்க ஏலத்தில் போன காடி என்று எங்கிருந்து வந்தாலும் சரி, இன்று பினாங்கில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் போர்ச்சுக்கு வந்து சேரும் பழைய லேண்ட் ரோவர் பிக்கப் ஏதாவது ஒரு மரத்தடியில் வருஷக்கணக்காக நின்றதாகத்தான் இருக்கும். ஓடித் தேய்ந்த வண்டி வேறு, நின்று கெட்ட வண்டி வேறு. நம்மவர்கள் வண்டி வந்ததும் இன்ஜினை இறக்கிப் பிரித்துப்போட நினைக்கிறார்கள். இந்த 2286 சிசி பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு சுலபத்தில் சாகிற இன்ஜின் இல்லை. நம் ஊர் ஈரத்திலும் சூட்டிலும் கெடுவது ரப்பர், பெட்ரோல் டாங்கி, எர்த் இணைப்பு, பிரேக் ஆயில். முதலில் தேட வேண்டியதும் அங்கேதான்.

கீழே இருப்பவை சீரிஸ் 2 (1958), 2ஏ (1961), 3 (1971 முதல் 1985 வரை) பெட்ரோல் வண்டிகளுக்கானவை. பெட்ஃபோர்ட், ஆஸ்டின் லாரி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயில், கன்டென்சர், பிளக் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு வண்டி எடுத்துவிட்டால் கெட்டது எது என்று கடைசிவரை தெரியாது. நல்ல பழைய பொருளைத் தூக்கிப்போட்டு, பெட்டிக்குள் இருக்கும் மட்டமான புதுப்பொருளை மாட்டியிருப்பீர்கள். பழைய லூக்காஸ் ரோட்டரைவிட இன்று விற்கிற மலிவான ரோட்டர் சீக்கிரம் போகிறது.

அப்புறம், ஸ்பேனர். இந்த வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப், யூஎன்எஃப் என்ற அங்குல மரை வகைகள் எல்லாம் கலந்து கிடக்கும். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் மாட்டும், ஆனால் துருப்பிடித்த நட்டின் முனையை வழித்துவிடும். 19 மட்டும் முக்கால் அங்குலத்துக்குச் சரியாகவே உட்காரும். அங்குல ஸ்பேனர் தேடி அலைகிறவர்கள் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்ப் பாருங்கள். பழைய இரும்புச் சாமான் குவியலில் இங்கிலாந்து ஸ்பேனர் இன்னும் கிடைக்கிறது.

பெட்ரோல் வேலை செய்கிற நாளில் போர்ச்சில் சாமி விளக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஊதுபத்தி எரிகிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும், வாசலைத் தாண்டியும் போகும்.

சேஸியில் சுத்தியல் “டொக்” என்கிறது

இதை வண்டி வாங்குமுன்பே பாருங்கள். பாடி அலுமினியம், சேஸி இரும்பு. வெளியே பளபளப்பாக நிற்கும் வண்டியின் சேஸி உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கலாம். சின்னச் சுத்தியலால் சேஸி நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். “டொக்” என்று மந்தமாக ஒலிக்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், முன்பக்க ஸ்பிரிங் மாட்டும் கொம்பு, பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், டிரைவர் கால் வைக்கிற பல்க்ஹெட் பள்ளம், இந்த நான்கு இடமும் முக்கியம்.

வலப்பக்க முன் ஸ்பிரிங் கொம்பில்தான் சேஸி எண் குத்தியிருக்கும். துருவைத் தேய்க்கிறேன் என்று அந்த இடத்தில் கிரைண்டரை வைத்தால் எண் போய்விடும். கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கிற எண்ணும் சேஸியில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பரிசோதனையில் வண்டி அங்கேயே நின்றுவிடும். அந்தப் பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்கி, படம் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். இன்ஜினை மாற்றினாலும் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிய வேண்டும்.

அலுமினியத் தகட்டில் பெயின்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடி உதிர்கிறதா? பக்கத்தில் ஓர் இரும்பு போல்ட் இருக்கும். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் திரும்பி வரும். போல்டைக் கழற்றி, பொடியைச் சுரண்டி, நடுவில் நைலான் வாஷரோ ரப்பர் தகடோ வைத்துப் பூட்டினால்தான் நிற்கும்.

இன்ஜின் அசையவே மாட்டேன் என்கிறது

கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, முன் பம்பரின் ஓட்டை வழியாகக் கைப்பிடிக் கம்பியை விட்டுச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றதும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பின்முனையில் ஒரு சதுரக் கட்டை இருக்கும், சில வண்டிகளில் அதன்மேல் ஒரு சின்ன மூடி. ஸ்பேனர் போட்டு அதைத் திருகினால் சிக்கியது விடுபடும்.

அதுவும் இல்லை என்றால் நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோ கியர் ஆயில்) சரிபாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சின்னக் கிண்ணம் அளவு ஊற்றி, சில நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு நீளமான பைப் மாட்டி நெம்பினால் ரிங் உடையும். தினமும் கைப்பிடியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் போதும். ஒரு நூல் அசைந்தால்கூட ஜெயித்த மாதிரிதான். சுற்றத் தொடங்கியதும் பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடி, ஸ்டார்ட்டரால் சுற்றி உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். துணி இல்லாவிட்டால் உங்கள் முகத்தில்தான் அடிக்கும். அப்புறம் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்ரஷன் முதலில் குறைவாகத்தான் காட்டும். சில மணி நேரம் ஓடிய பிறகு எடுக்கிற அளவை நம்புங்கள்.

கைப்பிடியால் ஸ்டார்ட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், கம்பியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், கீழிருந்து மேல்நோக்கி இழுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் எலும்பு போய்விடும்.

சாவியைத் திருப்பினால் “டிக்”, அவ்வளவுதான்

பேட்டரி மாட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 1967-க்கு முந்தின வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் டையோடு அந்த நொடியே எரிந்துவிடும்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். போகவில்லையா? அப்போது எர்த்.

மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதையும் சேஸியையும் சேர்க்கிற பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். பழைய வண்டிகளில் காணாமல் போகிற முதல் சாமான் அதுதான், இன்ஜினை இறக்கி ஏற்றிய யாரோ மாட்ட மறந்திருப்பார்கள். பட்டை இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் கரன்ட் சோக் கேபிள் வழியாகப் போகும். சோக் கைப்பிடி சுடுகிறது, கேபிள் உறை உருகிப் புகைகிறது என்றால் கோளாறு சோக்கில் இல்லை. பட்டையைத் தேடுங்கள்.

விளக்கு மங்கலாக எரிவது, சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னுவது எல்லாமும் இதே குடும்பம். அந்த விளக்கின் கறுப்பு வயரைச் சுரண்டிப் புதிதாகப் பூட்டுங்கள். வயர் நிறம் குழப்பினால், லூக்காஸ் முறையில் பழுப்பு நேராகப் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை சாவிக்கு அப்புறம் ஃப்யூஸ் வழியாக வருவது, சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த்.

சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, உடலைப் பிளாக்கில் தொடவைத்துச் சுற்றுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது. நீலப் பொறி சத்தத்தோடு விழுந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக மெல்லிய பொறி, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்கள்.

நின்ற வண்டியில் பத்துக்கு எட்டு தடவை, உள்ளே திறந்து மூடி பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் முகத்தில் சாம்பல் நிறப் பூச்சு படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் கரன்ட் போகாது. மெல்லிய எமரி தாளை நடுவில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, வெள்ளைத் தாளால் துடையுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பெரிய பொறி பறந்து, பிளக்கில் பொறி வராவிட்டால் கன்டென்சர் போய்விட்டது. பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80. சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. வயர் மாட்டுமுன் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் அடம்பிடிக்கிற வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு மாதிரி விரிசல் இருக்கும்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை என்றால் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். பம்பில் கையால் அடிக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. அது லொடலொடவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டதாக அர்த்தமில்லை. உள்ளே கேம் உச்சியில் நின்றிருக்கும். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். அதே வேளையில் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

பத்து நிமிஷம் ஓடி நிற்கிறது, ஆறவிட்டால் மறுபடி எடுக்கிறது

அதிகம் பேரை அழவைக்கிற குறி இது. மூன்று வெவ்வேறு கோளாறு ஒரே மாதிரி நடிக்கும். போர்மேனிடம் (மெக்கானிக்) கொண்டுபோவதற்குள் ஆறிவிடும், அங்கே நன்றாக ஓடும். பெர்ரியில் இப்போது நான்கு சக்கர வண்டி ஏற்றுவதில்லை என்பதால் பிறையிலிருந்து தீவுக்குப் போக பாலம்தான் வழி. நடுப்பாலத்தில் இந்தக் கூத்து நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதைத் தீர்க்கும்வரை வண்டியை தாமானை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

தந்திரம் ஒன்றுதான்: நின்ற அந்த நிமிஷத்திலேயே சோதிக்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. ஆகவே ஸ்பேனர், பழைய பிளக் ஒன்று, கிழிந்த துணி எல்லாம் சீட்டில் தயாராக இருக்கட்டும். தாமானுக்குள்ளேயே சுற்றுங்கள்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். பிறையில் ஒரு பிக்கப் இப்படி நின்றபோது பக்கத்திலிருந்த பையன், “அண்ணே, கார்புரேட்டரையே மாத்திடலாம்ணே” என்றான். “மாத்தலாம் தம்பி, முதல்ல டாங்கி மூடியத் திற.” திறந்தான். உஸ்ஸென்று காற்றை உறிஞ்சிக்கொண்டது டாங்கி. அடுத்த சுற்றில் வண்டி எடுத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியிலோ கழுத்துக் குழாயிலோ உள்ள காற்றுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும், அல்லது துளையே இல்லாத வேறொரு வண்டியின் மூடியை யாராவது போட்டிருப்பார்கள். டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும். கொஞ்ச நேரம் நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் எடுக்கும். அதை “ஆறியதும் எடுக்கிறது” என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

உஸ்ஸென்ற சத்தம் வராவிட்டால், உடனே பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி செத்து, ஆறினால் திரும்பி வந்தால் காயில் அல்லது கன்டென்சர். காயிலைத் தொட முடியாத அளவு சுட்டால், அதன் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத இந்த வண்டிக்கு 3 ஓம் வாக்கில் இருக்க வேண்டும். 1.5 காட்டுகிறது என்றால் ரெசிஸ்டரோடு மாட்ட வேண்டிய காயிலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது நாளெல்லாம் வெந்துகொண்டுதான் இருக்கும், பாயின்ட்டையும் தின்னும்.

பொறியும் நன்றாக இருக்கிறது, மூடியும் சரி என்றால் மூன்றாவது: டாங்கிக்குள் துரு. செதிலாக உதிர்ந்த துரு, பம்ப் இழுக்கும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் அப்பிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பும் நின்று, செதில் கீழே விழுந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் எடுக்கும், சிறிது தூரம் போனதும் மறுபடி அப்பும். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, டாங்கிப் பக்கமாக மெதுவாக ஊதிப் பாருங்கள். முதலில் அடைத்து, பிறகு சட்டென்று விட்டுக் குமிழ் சத்தம் கேட்டால் இதுதான். ஃபில்டரை மாற்றிக்கொண்டே காலம் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஃபில்டர் குழாயின் பம்ப் பக்கம் இருக்கிறது, அடைப்பு டாங்கிப் பக்கம்.

டாங்கி இருக்கைக்கு அடியில்தான், கழற்றுவது கஷ்டமில்லை. பெட்ரோலை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, கைப்பிடி அளவு நட்டுகளைப் போட்டுக் குலுக்கிச் செதிலை உதிர்த்து வெளியே கொட்டுங்கள். அப்புறம் லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கேக் சாமான் விற்கிற கடையிலேயே தூள் கிடைக்கும். கறுப்பாக வடியும். பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் இரண்டுமுறை அலசி, வெயிலில் உடனே காயவைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றிப் புரட்டி எடுங்கள். ஈரமாக ஓர் இரவு விட்டால்கூட மறுநாள் காலை உள்ளே செம்மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். ஓட்டை இருந்தால் வெல்டிங் பற்றி நினைக்கவே வேண்டாம். காலி டாங்கியில்தான் ஆவி நிற்கும், வெடிப்பதும் அதுதான். அதை டாங்கி வேலை தெரிந்த கடையில் கொடுத்துவிடுங்கள்.

இவை மூன்றும் இல்லாமல், நண்பகல் ஜாமில் மட்டும் நின்றால் பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதா பாருங்கள். நகர்த்திக் கட்டினால் சரியாகிவிடும்.

ஐடிலில் ஏறி இறங்குகிறது, கறுப்புப் புகை, பெட்ரோல் குடிக்கிறது

ஜெனித் கார்புரேட்டர் மாட்டிய வண்டியா? அப்படியானால் ஸ்க்ரூவைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள். பல வருஷமாக மேல்மூடியை இறுக்கி இறுக்கி அது வளைந்திருக்கும். வளைந்த இடைவெளியில் பெட்ரோல் குறுக்கு வழியில் போய்விடும். மூடியைக் கழற்றி, தட்டையான கண்ணாடியின்மேல் மெல்லிய எமரி தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். உள்ளே உள்ள சின்ன ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டு, ஸ்க்ரூக்களைச் சமமாக, மிதமாக இறுக்குங்கள். மறுபடி பலம் காட்டினால் மறுபடி வளையும்.

நீலப் புகை

ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல். உயிருக்கு ஆபத்தில்லை, சௌகரியப்படும்போது பாருங்கள். எப்போதும் வந்தால், பிஸ்டன் ரிங் என்று சொல்லுமுன் ஏர் கிளீனரைத் திறங்கள். இது ஆயில் ஊற்றி வைக்கிற வகை. உள்ளே குறி வைத்த அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும்.

சூடு ஏறுகிறது

ரேடியேட்டரை மாற்றுமுன் மலிவானவற்றைப் பாருங்கள். பெல்ட் தளர்வு, டைமிங் பின்தங்கியிருப்பது, ரேடியேட்டர் முகத்தில் அடைந்த களையும் பூச்சியும். குழாய்த் தண்ணீரையே வருஷக்கணக்காக ஊற்றியிருந்தால் பிளாக்கின் பின்பக்கம் துருச் சேறு தேங்கியிருக்கும். பிளாக்கின் வடி குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையா? கம்பியால் குத்துங்கள், சேறு வரும். அதை நன்றாக அலசி எடுத்தபின் கூலன்ட் ஊற்றுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிப்போடுகிற பழக்கம் இருக்கிறது. பழைய வகைத் தெர்மோஸ்டாட், சூடானதும் பைபாஸ் வழியையும் சேர்த்து மூடும். அதைக் கழற்றினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சூடு கூடத்தான் செய்யும். திறக்கிறதா என்று பார்க்க ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தால் போதும்.

தண்ணீர் குறைந்துகொண்டே போய், ரேடியேட்டர் வாயில் குமிழ் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட். ஹெட்டை இறக்கி ஏற்றினால் வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்: எல்லா வால்வுக்கும் 0.25 மில்லிமீட்டர்.

கியர் விழவில்லை, “கர்” என்கிறது

கிளட்ச் பெடலில் எதிர்ப்பு இருந்தும் கியர் விழாவிட்டால் தட்டு ஃப்ளைவீலில் துருவோடு ஒட்டியிருக்கிறது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, பெடலை அழுத்தி சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ஓர் இரவு விடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். பெடல் சும்மா கீழே போனால் ஹைட்ராலிக் சீல்.

பிரேக்

இன்ஜின் ஓடினால் ஊர் சுற்றக் கை துடிக்கும். பிரேக் முடியாமல் சாவியைத் தொடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஈரம்தான் வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது.

டிரம்மைப் பிடித்திருப்பது மூன்று ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் தலை வழுக்கும், சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும். வராவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டுச் சுற்றிலும் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரஸரும் வைக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுக்கிற பக்கம் நன்றாக இருக்கிறது, மறுபக்கம்தான் கெட்டது. அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கும் அல்லது ஆயில் சீல் கசிந்து ஷூ நனைந்திருக்கும். ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடானதும் ஊறிய ஆயில் திரும்ப வெளியே வரும். மாற்றிவிடுங்கள்.

பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், அந்தச் சக்கரத்தின் பிளீடிங் நிப்பிளைத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் கோளாறு டிரம்மில் இல்லை, ஹோஸில். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் ஷூ ஸ்பிரிங்கையும் சிலிண்டரையும் பாருங்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும் பெடல் பஞ்சாக இருப்பது 109 அங்குல (முன் பின் சக்கர இடைவெளி) வண்டியின் புகழ்பெற்ற வியாதி. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், காற்று போய் ஒளிய நிறைய இடம். காற்றை எடுக்குமுன் நான்கு சக்கரத்திலும் அட்ஜஸ்டரைத் திருகி ஷூக்களை டிரம்மோடு இறுக்கிவிடுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டு, காற்று நிற்கிற இடம் குறையும். அப்புறம் வழக்கம்போல் பம்ப் செய்து, முடிந்ததும் சக்கரம் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்துங்கள்.

ஸ்டியரிங் ஆட்டம்

நின்ற வண்டி என்றால் முதல் குற்றவாளி டயர். பட்டை இன்னும் ஆழமாக இருக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நின்று நின்று ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தின டயர், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் நல்லது, ஆனாலும் குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் நடனமாடுகிறது என்றால், முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் வந்தால் ஹப் பேரிங் அல்லது ஸ்விவல் பின் (சக்கரம் திரும்பும் அச்சு). பக்கவாட்டில் ஆட்டினால் மட்டும் வருகிறதா? ஆறு பால் ஜாயின்ட்டில் ஒன்று. ஒருவரை ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கைவைத்துப் பாருங்கள். எது தளர்ந்திருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

ஆட்டம் இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது, வளைவில் திருப்பினால் தானாக நேராகத் திரும்பவில்லை என்றால் முன் குறுக்குச் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்டியரிங் ரிலே (ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் அச்சு) வறண்டு இறுகியிருக்கிறது. அதைப் பிரித்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தி அடைத்த பலமான ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது, மூடியைத் திறந்தால் பாய்ந்து வரும், பற்களைக் கொண்டுபோய்விடும். மேல்மூடியில் எதிரெதிரான இரண்டு போல்டை மட்டும் கழற்றி, ஒன்றின் வழியாக இபி90 கியர் ஆயிலைச் சிரிஞ்சால் செலுத்துங்கள், மற்றதன் வழியாகக் காற்று வெளியேறும். நிரம்பியதும் போல்டுகளைப் பூட்டி, முன்சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பித் திருப்பி விடுங்கள். மறுநாள் ஆயில் இறங்கியிருந்தால் இன்னொரு தடவை நிரப்புங்கள். கீழ் சீல் வழியாகத் தரையில் சொட்டினால், ஸ்பிரிங்கைப் பூட்டிவைக்கும் கருவி உள்ள போர்மேனிடம் ரிலேயைக் கழற்றிக் கொடுப்பதுதான் வழி.